அரக்குச் சிவப்பில் ஆறு இருக்கைகள்

மில்லின் சோதனை அறையில், இரும்புத் தாங்கியில் ஒரு முழ வெள்ளைத் துணி தொங்கியது. அதன் கீழ்முனையில் பர்னரின் சுடரை வைத்து எடுத்தேன். சுடரை எடுத்த பிறகும் துணி அணையவில்லை. ஓசையே இல்லாமல் தீ மேலே ஏறியது. ஏறிய இடமெல்லாம் கறுத்துச் சுருண்டு, கடைசியில் பிடியில் கொஞ்சம் சாம்பல் மட்டும் மிஞ்சியது. நான் துணியைப் பார்க்கவில்லை. எதிரே நின்ற, மில்லை நடத்தும் எம்.டி. அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட சோதனையில் பார்ப்பவர்கள் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. அதை முன்பே சொல்லியும் இருந்தேன். அவர் அந்த எல்லைக்கு உள்ளே வந்து, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கண் இமைக்காமல் நின்றார். சாம்பல் உதிர்ந்ததும், "இன்னொன்னு வைங்க சார்" என்றார்.

அவருடைய முதுகிலும் இடது தோளிலும் இருப்பது ஒட்டுத்தோல். பல வருடங்களுக்கு முன் இதே மில்லின் பஞ்சுக் கிடங்கில் பிடித்த தீயில் வெந்த உடம்பு அது. அப்படிப்பட்டவர் ஒரு சாண் தூரத்தில் துணி எரிவதைப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்கிறார். என் வேலையில் நான் நிறைய துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் விதிகளைப் படிக்காதவர்கள் என்பதுதான் என் முடிவு. இவர் அந்த வகையில் சேரமாட்டார் என்று அன்றைக்கே தெரிந்தது.

அந்தச் சோதனை ஒரு விமானத்துக்காக. மில்லுக்குச் சொந்தமான, ஆறு பேர் உட்காரக்கூடிய, இரண்டு இஞ்சின் வைத்த சின்ன விமானம். மதுரை விமான நிலையத்தின் ஓரத்தில் பல காலம் சும்மா நின்றது. போன மாதம் அது கைமாறியது. புதிதாக வாங்கியவர் உள்ளே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், தேர்ச்சீலை மாதிரி? யாரு இந்தக் கலரைத் தேர்ந்தெடுத்தது?" என்று சிரித்தார். எல்லாவற்றையும் பிய்த்துவிட்டு இளம் சாம்பல் நிறத்துக்கு மாற்றப் போகிறாராம். அதற்கான நடைமுறையைக் கேட்டார். படிப்படியாகச் சொல்லி அனுப்பினேன். நிறத்தைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. அதை நின்றபடி சொல்லி முடிக்க முடியாது.

விமானங்களின் பராமரிப்பு முறைப்படி நடந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதுதான் என் உத்தியோகமாக இருந்தது. கையெழுத்துப் போடாமல் இருப்பதுதான் உத்தியோகம் என்று உடன் வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள். ஓய்வு பெற்று ராஜபாளையத்துக்குத் திரும்பி வந்தபோது, இந்த ஊரில் என் அறிவுக்கு ஒரு பயனும் இருக்காது என்ற நிம்மதியோடுதான் வந்தேன். அந்த நிம்மதியைக் கெடுத்தவர் அந்த நூற்பாலையின் சேர்மன். என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவருடைய தங்கைதான் மில்லை நடத்தினார். மில்லில் எல்லாரும் அவரை எம்.டி. அம்மா என்பார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். தன் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பமாட்டார்.

அம்மாவுக்கு ஒரே மகள். பெங்களூரில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் இறந்த பிறகு அம்மாவுக்கு இருந்தது மில்லும் மகளும்தான். மகளுக்குத் தலைப்பிரசவம் என்றதும், வழக்கப்படி ஏழாம் மாதத்தில் வளையல் போட்டு ராஜபாளையத்துக்கு அழைத்து வருவதாகத்தான் இருந்தது. மாடியறைக்குச் சுண்ணாம்பு அடித்துத் தொட்டில் வரை வாங்கியாயிற்று. அந்த நேரத்தில் மருத்துவர், அவள் படுக்கையை விட்டு எழவே கூடாது, பயணம் என்ற பேச்சே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெண் தாய்வீட்டுக்கு வர முடியாது. அப்படியானால் தாய்வீடுதான் பெண்ணிடம் போக வேண்டும்.

அங்கேதான் சிக்கல். அம்மா ராஜபாளையத்தை விட்டு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டிப் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. ஒட்டுத்தோலுக்கு வியர்க்காது. சாய்ந்து உட்கார்ந்தால் முதுகு கொதிக்கும், தோல் இழுக்கும். ஆண்டாள் கோயிலுக்கோ கோர்ட்டுக்கோ காரில் போவார். அவ்வளவு தூரத்திலேயே வழியில் இறங்கிச் செத்த நேரம் நின்றுவிட்டுத்தான் மறுபடி ஏறுவார். மகளின் கல்யாணத்தைக்கூட அதனால் இங்கேயே வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டைப் பார்த்ததே இல்லை. பல வருடங்களுக்கு முன் ஒருமுறை துணிந்து மதுரையில் பயணிகள் விமானத்தில் ஏறப் போனார். படியேறி வாசல் வரை போனவர், உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கி வந்துவிட்டார். கேட்டதற்கு, "சீட்டு ஒத்துக்காது போலருக்கு" என்றார். உட்காராமலேயே எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

சேர்மனுக்கு ஒரு யோசனை உதித்தது. சொந்த விமானம்தான் இருக்கிறதே, அதன் இருக்கைகளைத் தங்கைக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி மாற்றிவிட்டால் என்ன? என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஏலே, சீட்டு உறை மாத்துறதுக்கு என்னலே இம்புட்டு யோசன? காருக்கு மாத்துறதில்லையா?" என்றார். காருக்கு மாற்றினால் காரை மறுபடி எடை போட வேண்டியதில்லை என்று சொன்னேன். விமானத்தில் ஒட்டுகிற பசைக்குக்கூட ஒரு சான்றிதழ் உண்டு. துணி எரியும் விதத்துக்கு ஒன்று, உள்ளே வைக்கும் நுரைக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்து எரியும் விதத்துக்கு இன்னொன்று. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதுக்கு நீ பறக்கவே கூடாதுன்னு ஒரே வரியில எழுதிக் குடுத்துரலாம்லா" என்றார்.

எம்.டி. அம்மா அப்படிக் கேலி செய்யவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான். தன் உடம்பு தாங்குவது பலமுறை துவைத்து நைந்த பருத்தியை மட்டும். மில்லில் அத்தனை நூல் இருக்கிறது, செட்டியார்பட்டித் தறிகளில் காயக்கட்டுத் துணி போல மென்மையாக நெய்துகொள்ளலாம். அதையே இருக்கைக்கு வைக்க முடியுமா? முடியாது என்றேன். தீயை எடுத்ததும் துணி தானே அணைய வேண்டும் என்பது விதி. பருத்தி அணையாது. மருந்தில் தோய்த்தால் அணையும், ஆனால் தோய்த்த துணி விறைத்துப் போகும், அந்த மருந்து அவருடைய தோலுக்கும் ஆகாது. வேண்டுமானால் இரண்டு வகையையும் பெங்களூர்ச் சோதனைச் சாலைக்கு அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். "எழுத்து எதுக்கு? கொளுத்திப் பாப்போம்" என்றார். அப்படித்தான் மில்லின் சோதனை அறையில் அந்த ஒத்திகை நடந்தது.

பருத்தி இரண்டாவது முறையும் முழுதாக எரிந்தது. மூன்றாவதாக ஒரு கம்பளித் துண்டைத் தொங்கவிட்டேன். சுடர் பட்ட இடம் பொசுங்கியது, முடி கருகும் நாற்றம் வந்தது. சுடரை எடுத்ததும் நின்றுவிட்டது. அம்மா குனிந்து, சூடு ஆறும் முன்பே அந்தக் கருகலை விரலால் தொட்டுப் பார்த்தார். "இதுதான்" என்றார். பருத்திதானே உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்று கேட்டேன். "எனக்கு ஒத்துக்கிடும். ஏறுத மத்தவங்களுக்கு?" என்றார். விதி ஏன் அப்படி இருக்கிறது என்று நான் எத்தனையோ வகுப்புகளில் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். இத்தனை சுருக்கமாக ஒருபோதும் சொன்னதில்லை.

கம்பளி என்றதும் சேர்மன் அதிர்ந்துபோனார். ராஜபாளையத்து வெயிலில் கம்பளியா என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். மதுரையிலிருந்து வந்த இருக்கை மேஸ்திரி கொடுத்த மாதிரிகளை ஒவ்வொன்றாகத் தன் ஆபீஸ் நாற்காலியில் சுற்றச் சொன்னார். அதில் சாய்ந்தபடியே பஞ்சு வியாபாரிகளோடு பேரம் பேசினார், தொழிற்சங்கத்தோடு பேச்சுவார்த்தை நடத்தினார். வலித்தால் முகத்தில் தெரியாது. எழுந்து போகும்போது நடையில் கொஞ்சம் தெரியும். சொரசொரப்பானவை, காற்றுப் புகாதவை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழிந்து, கடைசியில் மெல்லிய இழையில் துளைத்துளையாக நெய்த ஒரு துணி நின்றது. அதில் ஒரு முழுப் பிற்பகல் உட்கார்ந்து எழுந்தவர், "இதுல போயிரலாம்" என்றார். பெங்களூருக்குச் சோதனைக்கு அனுப்பினோம், தேறி வந்தது. வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். நிறம்தானே பாக்கி.

நிறத்தில்தான் எல்லாம் நின்றுபோனது.

அந்த மில்லுக்கு முதலில் போனபோதே எனக்கு ஒரு விஷயம் உறுத்தியது. தீயணைக்கும் மணல் வாளிகள் எல்லாம் நீலமாக இருந்தன. தீ வாளி சிவப்பாக இருக்க வேண்டும் என்பது குழந்தைக்கும் தெரியும். மேலாளரைக் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, அம்மா கண்ணில் சிவப்பு படக்கூடாது என்பது சேர்மனின் உத்தரவு என்றார். விபத்துக்குப் பிறகு வந்த உத்தரவாம். வீட்டிலும் அப்படித்தான். உறவுக்காரப் பெண்கள் அவரைப் பார்க்க வரும்போது சிவப்புச் சேலை உடுத்த மாட்டார்கள். விசேஷத்துக்குக் கிண்டும் கேசரிக்குக்கூடக் கலர்ப் பொடி போடுவதில்லை. வெளுத்த கேசரியை நானே அந்த வீட்டில் தின்றிருக்கிறேன். சுவர்கள் வெள்ளை, திரைகள் வெள்ளை, கார் இருக்கையில் விரித்த துண்டுகள் வெள்ளை. ஒரு ஊரே சேர்ந்து ஒருவருக்காக ஒரு நிறத்தை ஒளித்து வைத்திருந்தது. விதியை மீறியது என்றாலும், நான் அந்த வாளிகளைப் பற்றிப் பேசாமல் விட்டது அதனால்தான்.

மேஸ்திரி கொண்டுவந்த நிறப் புத்தகத்திலும் சேர்மன் முன்கூட்டியே கைவைத்திருந்தார். சிவப்பு, காவி, ஆரஞ்சு சம்பந்தப்பட்ட பக்கங்களைக் கழற்றச் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது பெரும்பாலும் வெள்ளையும் அதன் பங்காளிகளும். முத்து, தந்தம், பால், சிப்பி, மணல் என்று வெள்ளைக்கு அத்தனை பெயர் வைத்திருந்தார்கள். பஞ்சின் தரம் பார்க்கும் அறையில் வைத்து நிறம் பார்ப்பதென்று முடிவாயிற்று. அந்த அறைக்கு வடக்குப் பக்கம் மட்டும் ஜன்னல். வடக்கு வெளிச்சத்தில்தான் பஞ்சின் நிறம் பொய் சொல்லாது என்பது மில்காரர்களின் நம்பிக்கை. கறுப்பு மேசையில் பஞ்சு மாதிரிகள் குவிந்திருக்கும். அம்மா தினமும் காலையில் அங்கே நின்று, ஒவ்வொரு குவியலிலும் கையை விட்டு, பிரித்து, இழுத்துப் பார்த்து விலை சொல்வார்.

அந்த மேசையில் பஞ்சை ஒதுக்கிவிட்டுத் துணிகளைப் பரப்பினோம். அம்மா புரட்டினார், மூடினார், நாளைக்குப் பார்ப்போம் என்றார். மறுநாளும் அதேதான். அதற்கடுத்த நாளும். தைத்து, பொருத்தி, எடை போட்டு, கையெழுத்தாகப் பல வாரங்கள் பிடிக்கும் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். பெங்களூரிலிருந்து மகள் படுத்தபடியே போன் செய்து, "எப்பம்மா வாரே?" என்று கேட்பது பக்கத்தில் நிற்கும் எங்களுக்கும் கேட்கும். அம்மா "வாரேன், வாரேன்" என்பார். போனை வைத்துவிட்டு மறுபடியும் அந்தப் புத்தகத்தை மூடுவார். கேள்வி கேட்டால் ஒரு வார்த்தையில் முடிவு சொல்கிறவர் ஒரு துணி நிறத்துக்கு இப்படித் தடுமாறுவது யாருக்கும் விளங்கவில்லை. சேர்மன் பொறுமை இழந்தார். "பேரப்புள்ள பொறந்து, நடந்து, அவனே வந்து கலர் சொன்ன பொறவுதான் நீ போவ போலருக்கு" என்றார்.

அண்ணனுக்கும் தங்கைக்கும் சண்டை என்றால் வீட்டில் பேசும் தெலுங்குக்கு மாறிவிடுவார்கள். எங்களைப் போன்றவர்கள் அப்போது ஜன்னல் பக்கம் திரும்பி வடக்கு வெளிச்சத்தை ரசிக்க வேண்டும். அன்றைக்கு நான் திரும்பத் தயாரானேன். ஆனால் அம்மா தமிழிலேயே பேசினார். நாங்களும் கேட்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

"அண்ணே, செவப்பு எங்க?"

சேர்மன் மேஸ்திரியைப் பார்த்தார், மேஸ்திரி தரையைப் பார்த்தார். "அது எதுக்கும்மா. நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் சேர்மன்.

"தீ செவப்பா இருந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

சேர்மன் கையிலிருந்த நிறப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"நல்ல வெயில் நேரம்ணே அது. பஞ்சு பேல் கட்டுன கம்பிய வெட்டுறாங்க, ஒரு பொறி. நெருப்பே கண்ணுக்குத் தெரியல. வெள்ளப் பஞ்சு மேல என்னமோ காத்து மாதிரி ஓடி வருது. நாலு பக்கமும் வெள்ள. அம்புட்டுத்தான் தெரிஞ்சது. எனக்குச் செவப்பு ஒண்ணும் செய்யாது. வெள்ளதான் ஆகாது."

கறுப்பு மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைத்த பஞ்சுக் குவியலை நான் பார்த்தேன். தினமும் காலையில் அதில்தான் அவர் கையை விடுகிறார். அவரைச் சுற்றிலும் இருபத்துநாலு மணி நேரமும் வெள்ளை ஓடிக்கொண்டிருக்கும் ஓர் ஆலையை நடத்துகிறார். வீட்டுக்குப் போனால் அவர்மேல் அன்பு வைத்தவர்கள் சுவரெல்லாம் வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடமும் அதற்குள்தான் சாப்பிட்டிருக்கிறார், தூங்கியிருக்கிறார். அன்று மதுரையில் விமான வாசல் வரை போய்த் திரும்பியது இருக்கையைப் பார்த்து அல்ல. உள்ளே சுவரும் கூரையுமாகத் தெரிந்த அந்த வெள்ளையைப் பார்த்து.

"இத்தன வருசமா ஏம்மா சொல்லல?" என்று சேர்மன் கேட்டார்.

"எப்படிண்ணே சொல்றது? வாளிக்குக்கூட நீலம் அடிச்சு வச்சிருக்கீங்க. அம்புட்டும் எனக்காகத்தான். இங்கன முடியலன்னா எந்திரிச்சு வெளிய போயிருவேன். கார்னா நிறுத்தச் சொல்லுவேன். அங்க மேல போயி எங்க எறங்குறது?"

கழற்றிய பக்கங்கள் மேஸ்திரியின் கார் டிக்கியில் இருந்தன. ஓடிப்போய் எடுத்து வந்தார். அம்மா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. இருக்கைகளுக்கு அரக்குச் சிவப்பு. பக்கச் சுவருக்கு ஆண்டாள் கையில் இருக்கும் கிளியின் பச்சை. கூரையை மட்டும் வெள்ளையாக விடுவது வழக்கம், அப்போதுதான் உள்ளே விசாலமாகத் தெரியும் என்று மேஸ்திரி மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "பெருசாத் தெரியணும்னு இங்க யாரு கேட்டா?" என்றார் அம்மா. கூரைக்கும் பச்சைதான் வந்தது. தேர்ந்தெடுத்து முடித்ததும் பஞ்சைத் திரும்ப மேசைக்கு இழுத்து, பாதியில் விட்ட தரம் பார்க்கும் வேலையைத் தொடர்ந்தார். மறுநாள் மில்லுக்குப் போனபோது வாளிகளில் சிவப்புப் பெயின்ட் காய்ந்துகொண்டிருந்தது. சேர்மன் தானே நின்று அடிக்க வைத்திருந்தார். காயும்வரை யாரையும் அருகே விடவில்லை. வீட்டுச் சுவர்களுக்கும் ஆள் வரச் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

ஐப்பசியில் எல்லாம் தயாரானது. உட்புறம் மாற்றிய விமானத்தின் முதல் பயணத்தில் ஓய்வு பெற்ற ஒருவன் கூடப் போக வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. சேர்மன் போகச் சொன்னார், போனேன். மதுரை வரைக்கும் கார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒருமுறை நிறுத்தி இறங்கினார். அதன்பின் நிறுத்தச் சொல்லவே இல்லை. கார் இருக்கையில் இப்போது மாம்பழ நிறத் துண்டு விரித்திருந்தது. விமானத்தின் வாசலில் ஒரு கணம் நின்றார். நான் பின்னால் நின்றேன். உள்ளே கை நீட்டி இருக்கையின் தோளைத் தொட்டார், குனிந்து ஏறினார், உட்கார்ந்தார். நான் எதிர் இருக்கையில். சாயவில்லை, முழங்காலில் கைகளை ஊன்றி நிமிர்ந்தே இருந்தார். விமானி கதவை அடைத்தார். இனி இறங்க முடியாது என்பது எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. விமானம் கிளம்பியது.

வைகையின் மேலே ஏறும்வரை நன்றாகத்தான் இருந்தது. கீழே வயல்களையும் கண்மாய்களையும் காட்டிக்கொண்டு வந்தேன். திண்டுக்கல் மலைகளை நெருங்கியபோது விமானம் மேகத்துக்குள் நுழைந்தது. அத்தனை ஜன்னல்களும் ஒரே நேரத்தில் வெள்ளையாயின. பிரித்துப் போட்ட பஞ்சு போல, நெருக்கமான, ஓடுகிற வெள்ளை. துணியைச் சோதித்தோம், நுரையைச் சோதித்தோம், பசையைச் சோதித்தோம். ஜன்னலுக்கு வெளியே என்ன நிறம் வரும் என்று கேட்க நானறிந்த எந்த நடைமுறையிலும் இடம் இல்லை. அம்மாவின் விரல்கள் முழங்காலை இறுகப் பற்றின. முகம் கல்லாகிவிட்டது. நான் ஜன்னல் திரையை இழுக்க எழுந்தேன்.

"இருக்கட்டும் சார்" என்றார்.

கையை எடுத்து இருக்கையின் சிவப்பில் வைத்துக்கொண்டு, நேராக அந்த வெள்ளையைப் பார்த்தார். விமானம் குலுங்கியது. அவர் பார்வையைத் திருப்பவில்லை. வெகுநேரம் கழித்து, கண்ணை எடுக்காமலேயே கேட்டார்.

"இது உள்ள என்ன சார் இருக்கு?"

"தண்ணிதாம்மா. பொடிப்பொடியா."

"அம்புட்டும் தண்ணியா?"

"அம்புட்டும்."

"அப்ப எரியாது" என்றார்.

அதன்பின் அவருடைய முதுகு, கொஞ்சம் கொஞ்சமாக, அந்த இருக்கையில் சாய்ந்தது. பெங்களூரில் இறங்கும்வரை அவர் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.